சூரியன் உதித்தது, முகம் இருண்டது!

தேவனாம்பட்டினம் கடற்கரையில் காமிரா படும் பாடு

கடலூர் நகரை ஒட்டி இருக்கிறது, தேவனாம்பட்டினம். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கும் மீனவர் ஊர். இங்குள்ள கடற்கரைக்கு வெள்ளிக் கடற்கரை என்று பெயர். "சில்வர் பீச்" என்று சொன்னால் கடலூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

காணும் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கே கூடுவார்கள். மாசி மகத்தன்று கூட்டம் சொல்லி முடியாது. பல ஊர்களில் இருந்து சாமிகள் இங்கே தீர்த்தவாரிக்கு வரும். அலங்காரம் செய்த சாமி, கடலைப் பார்த்து நிற்கும். சுற்றிலும் மக்கள் வெள்ளம்!

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. எல்லாச் செல்போனிலும் காமிரா இருக்கிறது. கடல் பின்னால் தெரியும்படி நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். எடுத்த படத்தை உடனே பார்க்கிறார்கள்.

என்ன தெரிகிறது?

வானம் தங்கத் தகடு போல மின்னுகிறது. அதற்கு முன்னால் கரிக்கட்டை போல நாலு உருவங்கள்! பாட்டி எது, பேரன் எது என்று தெரியவில்லை.

"முகம் தெரியவில்லையே!" என்று மறுபடி எடுக்கிறார்கள். இப்போது முகம் தெரிகிறது. ஆனால் வானத்தைக் காணோம். தங்க நிறமும் போய்விட்டது, மேகமும் போய்விட்டது. வெள்ளைத் தாள் ஒட்டியது போல ஆகிவிட்டது.

வானம் வந்தால் முகம் போகிறது. முகம் வந்தால் வானம் போகிறது. இரண்டும் ஒரே படத்தில் வர வழி இல்லையா?

இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கண் செய்யும் தந்திரம்

முதலில் ஒரு கேள்வி. காமிராவுக்கு வரும் இந்தத் தொல்லை நம் கண்ணுக்கு ஏன் வருவதில்லை? கடற்கரையில் நிற்கும் அம்மாவின் முகமும் தெரிகிறது. பின்னால் இருக்கும் மேகமும் தெரிகிறதே!

காரணம், கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. முகத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் விரிகிறது. இப்படி அங்கும் இங்கும் ஓடி ஓடிப் பார்க்கிறது, கண். பார்த்ததை எல்லாம் மூளை ஒன்றாகச் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குக் கொடுக்கிறது.

காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது ஒரு தடவை கண் திறக்கும். ஒரு தடவை மூடும். அந்த ஒரு நேரத்துக்குள் வந்த வெளிச்சம்தான் அதன் சொத்து. வெளிச்சம் அதிகமான இடம் வெளுத்துவிடும். குறைவான இடம் இருண்டுவிடும்.

வெளிச்சத்தைப் படிப்படியாக அளப்பது போட்டோக்காரர் வழக்கம். "ஸ்டாப்" என்று சொல்வார்கள். ஒரு படி ஏறினால் வெளிச்சம் 2 மடங்கு. இரண்டாவது படியில் 4 மடங்கு. மூன்றாவது படியில் 8 மடங்கு. பத்துப் படி ஏறினால் எத்தனை தெரியுமா? 1,024 மடங்கு!

காலைச் சூரியனைச் சுற்றி உள்ள வானத்துக்கும், படகின் நிழலில் கிடக்கும் வலைக்கும் உள்ள வித்தியாசம் இப்படித்தான் மடங்கு மடங்காகப் போகிறது. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாமல் காமிரா திணறுகிறது.

தேவனாம்பட்டினத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலில் இருந்து எழுகிறது. ஆகவே, காலையில் கடலைப் பார்த்து எடுக்கும் படம் எல்லாம் சூரியனுக்கு எதிரே எடுக்கும் படம்தான். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பிரெஞ்சுக்காரர் கண்ட வழி

இந்தத் தொல்லை இன்று வந்தது அல்ல. போட்டோ பிறந்த காலத்திலேயே கூடப் பிறந்தது.

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுத்தார்கள். அந்த மருந்து நீல நிறத்துக்கு மிக விரைவில் மயங்கும். பச்சைக்கும் சிவப்புக்கும் அசைந்து கொடுக்காது. வானமோ நீலம்! ஆகவே தரை சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துப் போய்விடும். மேகம் உள்ள வானத்தைப் படம் எடுப்பது குதிரைக் கொம்பாக இருந்தது.

பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்று ஒருவர் இருந்தார். ஓவியம் படித்தவர், பிறகு போட்டோக்காரர் ஆனவர். அவருக்குக் கடலைப் படம் எடுப்பதில் ஆசை. அலையும் வேண்டும், மேகமும் வேண்டும்.

என்ன செய்தார்?

கடலை ஒரு தகட்டில் எடுத்தார். வானத்தை வேறொரு தகட்டில் எடுத்தார். தாளில் அச்சிடும்போது முதலில் வானத்துப் பாகத்தை மறைத்துவிட்டுக் கடலை மட்டும் பதித்தார். பிறகு கடலை மறைத்துவிட்டு வானத்தைப் பதித்தார். இரண்டும் சேரும் இடம், கடலும் வானமும் தொடும் கோடு. அந்தக் கோடு நேராக இருப்பதால் ஒட்டுப் போட்டது வெளியே தெரியவில்லை!

1857-ம் ஆண்டு, தென் பிரான்சில் சேத் என்ற துறைமுகத்தில் அவர் எடுத்த "பேரலை" என்ற படம் மிகவும் புகழ் பெற்றது. 1999-ம் ஆண்டு லண்டனில் அதன் ஒரு பிரதியை ஏலம் விட்டார்கள். 5 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று!

ஆனால் படம் எடுத்தவர் செல்வத்தில் சாகவில்லை. கடன் தொல்லையில் பிரான்சை விட்டுப் போனார். 1884-ம் ஆண்டு எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் இறந்தார்.

தஞ்சைக்கு வந்த காமிரா

நம் நாட்டிலும் இந்தப் போராட்டம் நடந்தது.

லின்னேயஸ் ட்ரைப் என்பவர் கும்பெனிப் பட்டாளத்தில் அதிகாரி. சென்னை மாகாண அரசாங்கம் அவரைப் போட்டோக்காரராக நியமித்தது. 1858-ம் ஆண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் உள்ள கல்வெட்டையும் படம் எடுத்தார். 21 படங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டினார். அதன் நீளம் சுமார் 19 அடி!

அவர் கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாகத் தாள் நெகடிவ் உபயோகித்தார். கோபுரம் நன்றாக வந்தது. வானம் மட்டும் வெறுமையாக வந்தது. அவர் தூரிகையை எடுத்தார். நெகடிவின் மேல் வர்ணம் தீட்டி மேகத்தைத் தாமே வரைந்தார்.

அந்தப் பழைய படங்களில் சிலவற்றில் நாம் பார்க்கும் மேகம், வானத்தில் இருந்து வந்த மேகம் அல்ல. தூரிகையில் இருந்து வந்த மேகம்!

இருட்டறையில் கைவித்தை

பின்னால் பிலிம் வந்தது. மருந்தும் திருந்தியது. ஆனால் வெளிச்சச் சண்டை தீரவில்லை.

நம் ஊர்களில் இருந்த பழைய ஸ்டூடியோக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இருட்டறையில் அவர்கள் செய்த கைவித்தையைச் சொல்வார்கள்.

நெகடிவ் வழியாக வெளிச்சம் தாளின் மேல் விழும். வெளிச்சம் விழ விழத் தாள் கறுக்கும். முகம் அதிகம் கறுத்துவிடும் போல் இருந்தால், வெளிச்சத்துக்கு நடுவே கையை நீட்டி முகத்துக்கு நிழல் கொடுப்பார்கள். வானம் வெளுத்துப் போகும் போல் இருந்தால், அட்டையால் தரையை மறைத்துவிட்டு வானத்துக்கு மட்டும் இன்னும் சில விநாடி வெளிச்சம் காட்டுவார்கள்.

கையை அசைத்துக் கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கையின் ஓரம் கோடாக விழுந்துவிடும்!

வேறு வழிகளும் இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு லென்சின் முன்னால் மஞ்சள் கண்ணாடி அல்லது சிவப்புக் கண்ணாடி மாட்டினால் நீல வானம் கறுத்து, வெள்ளை மேகம் எடுப்பாகத் தெரியும். மேல் பாதி கறுப்பாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள கண்ணாடியும் உண்டு. கறுப்புப் பாதி வானத்தை அடக்கும். தெளிந்த பாதி தரையை விட்டுவிடும். இன்றும் அது கடைகளில் கிடைக்கிறது.

ஆக, மறைப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வேண்டாத இடத்தை மறை. வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் கொடு!

கம்ப்யூட்டரில் வந்த மறைப்பு

இதே வித்தை கம்ப்யூட்டருக்குள் போயிற்று. "போட்டோஷாப்" என்பது படங்களைத் திருத்தும் ஒரு மென்பொருள். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் இருவர் உருவாக்கியது. அடோப் கம்பெனி அதை 1990-ம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1994-ல் வந்த மூன்றாவது பதிப்பில் "லேயர்" என்ற வசதி சேர்ந்தது.

லேயர் என்றால் அடுக்கு. ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை வைப்பது போல, ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைக்கலாம். மேலே உள்ளது தெரியும். கீழே உள்ளது மறைந்திருக்கும்.

கீழே உள்ள படத்தில் கொஞ்சம் மட்டும் தெரிய வேண்டும் என்றால்? மேல் தாளில் கத்தரிக்கோலால் ஓட்டை போடலாம். ஆனால் வெட்டின தாள் வெட்டினதுதான். தவறி அதிகம் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

அதற்காகத்தான் "மாஸ்க்" வந்தது. மாஸ்க் என்றால் மறைப்பு. மேல் படத்தை வெட்டுவது இல்லை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையை மாட்டுகிறோம். அந்தத் திரையில் கறுப்பும் வெள்ளையும் பூசுகிறோம்.

கோலத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை உள்ள இடத்தில் மாவு இறங்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இறங்காது. மாஸ்க்கும் அப்படித்தான். அதற்கு உள்ள சட்டம் மிகச் சுலபம்:

வெள்ளை காட்டும்.

கறுப்பு மறைக்கும்.

சாம்பல் நிறம் பாதி காட்டி, பாதி மறைக்கும்.

இவ்வளவுதான்! இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாஸ்க்கின் பெருமை என்ன தெரியுமா? அது எதையும் அழிப்பதில்லை. தவறிக் கறுப்புப் பூசிவிட்டால், அந்த இடத்தில் வெள்ளையைப் பூசினால் போதும். மறைந்தது திரும்ப வந்துவிடும். நாளைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். அடுத்த வருடம் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் படத்தைச் சேமிக்கும்போது அடுக்குகளோடு சேமிக்க வேண்டும்.

போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். பணம் கட்ட முடியாதவர்களுக்கு "கிம்ப்" என்ற மென்பொருள் இருக்கிறது. முழுக்க முழுக்க இலவசம். அதிலும் லேயர் உண்டு, மாஸ்க் உண்டு.

செய்து பார்ப்போமா?

தேவனாம்பட்டினம் கரையில் ஒரு படகு நிற்கிறது. பின்னால் சூரியன் எழுகிறது. இதைப் படம் எடுக்க வேண்டும்.

காமிராவை முக்காலியில் நிறுத்துங்கள். முக்காலி இல்லாவிட்டால் ஒரு சுவரின் மேலோ, பெட்டியின் மேலோ அசையாமல் வையுங்கள். சூரியனை லென்சு வழியாகக் கண் வைத்துப் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். கண் பாழாகிவிடும்! திரையில் மட்டும் பாருங்கள்.

முதல் படம் வானத்துக்காக. செல்போனாக இருந்தால் திரையில் வானத்தைத் தொடுங்கள். வானம் அழகாக வரும், படகு இருண்டுவிடும். பரவாயில்லை.

இரண்டாவது படம் தரைக்காக. திரையில் படகைத் தொடுங்கள். படகு தெளிவாக வரும், வானம் வெளுத்துவிடும். அதுவும் பரவாயில்லை.

தனிக் காமிராவாக இருந்தால், வானத்துக்கு ஒரு விநாடியில் 1,000-ல் ஒரு பங்கு நேரம் என்று வைத்துக் கொள்வோம். தரைக்கு 60-ல் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் ஏறக்குறைய 16 மடங்கு வெளிச்சம் கூடுகிறது. அதாவது நாலு படி.

இரண்டு படங்களையும் உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். அரை மணி கழித்து எடுத்தால் சூரியன் மேலே போயிருக்கும். நிழலும் மாறியிருக்கும்.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

வானம் நன்றாக உள்ள படத்தைக் கீழே வையுங்கள். படகு நன்றாக உள்ள படத்தை மேலே வையுங்கள். மேல் படத்துக்கு ஒரு வெள்ளை மாஸ்க் மாட்டுங்கள். வெள்ளை காட்டும் அல்லவா? ஆகவே மேல் படம் முழுவதும் தெரியும்.

இப்போது பெரிய, மென்மையான தூரிகையை எடுங்கள். கறுப்பைத் தொட்டு, மாஸ்க்கில் வானம் உள்ள இடத்தில் பூசுங்கள். என்ன ஆகிறது? வெளுத்த வானம் மறைகிறது. அதன் அடியில் இருந்து தங்க வானம் எட்டிப் பார்க்கிறது! படகு அப்படியே இருக்கிறது.

கடலும் வானமும் சேரும் கோட்டில் கவனம் வேண்டும். அங்கே கறுப்பில் இருந்து வெள்ளைக்கு மெல்ல மெல்ல மாற வேண்டும். சாயம் போட்ட சேலையில் கரும் பச்சை, இளம் பச்சையாக மாறுவது போல! அதற்கென்றே "கிரேடியன்ட்" என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரே இழுப்பில் அந்த மாற்றத்தைப் போட்டுக் கொடுக்கும்.

தென்னையும் கோபுரமும்

கடலில் கோடு நேராக இருப்பதால் வேலை சுலபம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

கரையில் ஒரு தென்னை மரம் இருக்கிறது. அதன் அடி தரையில்; தலை வானத்தில்! கோட்டுக்கு மேலே எல்லாம் கறுப்பைப் பூசினால் தென்னையின் தலை மட்டும் இருண்டு போகும். பாதி மரம் பகலில், பாதி மரம் இரவில் நிற்பது போல இருக்கும்.

சிதம்பரத்துக்குப் போனால் இன்னும் கஷ்டம். நடராசர் கோயிலின் நாலு கோபுரங்களும் ஏழு ஏழு நிலை உள்ளவை. கோபுரம் முழுவதும் பொம்மைகள். ஓரம் எல்லாம் மேடும் பள்ளமும். அங்கே பெரிய தூரிகை உதவாது. சின்னத் தூரிகையால் ஓரம் ஓரமாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் கோபுரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். "இது கம்ப்யூட்டர் வேலை" என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம். சுரபுன்னைக் காடு. எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்தை (1975) இங்கே எடுத்தார்கள். படகு போகும் வாய்க்காலின் இரு பக்கமும் மரங்கள் கவிந்து நிற்கும். கீழே இருட்டு. இலை இடுக்கில் வெட்ட வெளிச்சம். ஒவ்வொரு இடுக்குக்கும் தூரிகை போட முடியுமா? முடியாது.

அதற்கும் வழி உண்டு. படத்தின் வெளிச்சத்தையே மாஸ்க்காக மாற்றச் சொல்லலாம். படத்தில் எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே மாஸ்க் வெள்ளையாகும். எங்கே இருட்டோ அங்கே கறுப்பாகும். ஆயிரம் இலை இடுக்கு இருந்தாலும் ஒரு நொடியில் போட்டுவிடும். பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். நம் படத்துக்கு வேண்டியது அதுதான்!

ஆட்கள் உள்ள படத்திலும் கவனம் தேவை. முதல் படத்தில் நின்ற பையன், இரண்டாவது படத்துக்குள் இரண்டு அடி நகர்ந்திருப்பான். இரண்டையும் சேர்த்தால் ஒரே பையன் இரண்டு பேராகத் தெரிவான். அல்லது பாதி உடம்பு பேய் போலத் தெரியும்! ஒரு ஆளை முழுவதும் ஒரே படத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

தண்ணீர் பொய் சொல்லாது

சிலர் ஆசை தாங்காமல் தரையை மிகவும் வெளுக்க வைத்துவிடுகிறார்கள். சூரியன் பின்னால் இருக்கிறது; ஆனால் முன்னால் உள்ள மணல் பட்டப்பகல் போல மின்னுகிறது. பார்த்தவுடனே "என்னவோ சரியில்லை" என்று தோன்றும்.

கெடிலம் ஆற்றுத் தண்ணீரைப் பாருங்கள். வானம் அதில் தெரியும். ஆனால் தண்ணீரில் தெரியும் வானம், மேலே உள்ள வானத்தைவிட எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். மேலே இருந்து விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. உங்கள் படத்தில் மேல் வானத்தைவிட ஆற்று வானம் பிரகாசமாக இருந்தால் படம் பொய் என்று அர்த்தம். உடனே மாஸ்க்கில் கொஞ்சம் சாம்பல் பூசிக் குறைத்துவிடுங்கள்.

நிழல் நிழலாகவே இருக்கட்டும். நிழலுக்குள் இருக்கும் ஆள் யார் என்று தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு

கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மாலையில் போவது. மாலையில் சூரியன் மேற்கே, அதாவது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். வானமும் மென்மையாக இருக்கும். சண்டையே இல்லை!

இரண்டாவது வழி, ஒரு வெள்ளை வேட்டி. காலையில் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும் பாட்டியின் முன்னால், காமிராவுக்குப் பக்கத்தில், இரண்டு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கட்டும். சூரிய வெளிச்சம் வேட்டியில் பட்டுப் பாட்டியின் முகத்துக்குத் திரும்பும். சினிமாப் படப்பிடிப்பில் வெள்ளித் தாள் ஒட்டிய பலகை பிடிப்பது இதற்குத்தான்.

மூன்றாவது வழி, செல்போனே செய்யும் வேலை. இன்றைய செல்போன்கள் பலவற்றில் "எச்.டி.ஆர்." என்ற வசதி இருக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் போன் பல படங்களை எடுத்து, வானத்தையும் தரையையும் தானே சேர்த்துவிடுகிறது.

ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்றால் வானத்தைக் காப்பாற்றுங்கள். இருண்ட இடத்தை ஓரளவு பிறகு வெளுக்க வைக்கலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், அவ்வளவுதான். ஆனால் முழுவதும் வெளுத்துப் போன வானத்தில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே மேகம் இருந்ததா என்று காமிராவுக்கே தெரியாது.

வேறொரு நாளின் வானம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த படங்களைச் சேர்ப்பது. கண் பார்த்ததைக் காமிராவும் பார்க்கும்படி செய்வது. அதில் குற்றம் இல்லை.

ஆனால் அதே மாஸ்க்கைக் கொண்டு வேறொரு நாளின் வானத்தையும் ஒட்டலாம். வேறொரு ஊரின் வானத்தையும் ஒட்டலாம்! லெ கிரேயே அப்படிச் செய்திருக்கிறார். அவருடைய கடல் படங்களில் ஒரே மேகம் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்று அது பெரிய உழைப்பு. 2020-ம் ஆண்டில் இருந்து போட்டோஷாப்பில் வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் போதும்; வெயில் அடிக்கும் ஊரில் கருமேகம் திரண்டுவிடும்!

சுவரில் மாட்டும் அலங்காரப் படம் என்றால் அது அவரவர் விருப்பம். செய்திப் படம் என்றால்?

2006-ம் ஆண்டு லெபனான் நாட்டில் போர் நடந்தது. பெய்ரூட் நகரில் குண்டு விழுந்து புகை எழுந்தது. ராய்ட்டர் செய்தி நிறுவனத்துக்குப் படம் அனுப்பிய ஒருவர், அந்தப் புகையைக் கம்ப்யூட்டரில் கூட்டிக் கறுப்பாக்கி அனுப்பினார். படத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ராய்ட்டர் என்ன செய்தது தெரியுமா? அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கவில்லை. அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையில் இருந்து நீக்கிவிட்டது! ஒரு பொய்ப் புகை, உண்மைப் படங்களையும் சேர்த்து எரித்துவிட்டது.

தேவனாம்பட்டினம் போன்ற ஊரில் வானம் என்பது அலங்காரம் அல்ல, சேதி. மேகத்தையும் காற்றையும் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது இந்தக் கரை அடிபட்டது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. கடல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட மக்கள், இந்த மக்கள்.

அப்படிப்பட்ட ஊரின் படத்தில் எங்கோ எடுத்த கருமேகத்தை ஒட்டி, "இன்று காலை கடலூர்" என்று ஒருவர் செல்போனில் அனுப்பினால் என்ன ஆகும்? வீட்டில் இருக்கும் தாய் பதறுவாள். வேலைக்குப் போன மகன் பாதியில் திரும்புவான். புயல் நாளில் தெளிந்த வானத்தை ஒட்டி அனுப்பினாலோ அதைவிட ஆபத்து. அதை நம்பி ஒரு படகு கடலில் இறங்கினால் யார் பொறுப்பு?

ஆகவே படத்தில் உள்ள வானத்தை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது. வானிலை நிலையம் சொல்வதைக் கேட்க வேண்டும். கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்க்க வேண்டும்.

கீழே இருப்பது சரித்திரம்

வானம் சேதி என்றால், தரை சரித்திரம்.

இங்கே செயிண்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் ஆங்கிலக் கும்பெனியார் அதை மராட்டியரிடம் இருந்து வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்ந்து கைமாறின. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது கும்பெனியின் தலைமை இடமே இங்கே வந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அப்போது காமிரா இல்லை. கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு போட்டோ கூட நமக்கு இல்லை.

இன்று எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. கரையில் நிற்கும் படகு, வலை பின்னும் பெரியவர், மீன் கூடை தூக்கும் அம்மா, அவர்களுக்குப் பின்னால் உள்ள வீடு எல்லாம் நாளைய சரித்திரம். பளபளக்கும் வானத்துக்காக இவர்களை இருட்டில் தள்ளலாமா? இவர்கள் முகம் தெரிவதற்காகத்தான் இத்தனை பாடு!

படத்தைச் சேர்த்து முடித்த பிறகு, முதலில் எடுத்த இரண்டு படங்களையும் அழித்துவிடாதீர்கள். பத்திரமாக வையுங்கள். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். வெளியே அனுப்பும்போது படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதுங்கள்: "ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்தது." எடுத்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த ஒரு வரி இருந்தால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவரும் படத்தில் உள்ள வானத்தை நம்பலாம். அதற்குக் கீழே நிற்கும் பாட்டியையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.